60 செ.மீ. பலகையில் ஒமாஹா கடற்கரை

இட்டாலேரி நிறுவனத்தின் 1:35 அளவு எல்சிவிபி தரையிறங்கு படகும் இருபது காலாட்படைச் சிற்றுருக்களும் கைவசம் இருப்பதாகவும், 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டியில், ஒமாஹா கடற்கரையில் நடந்த அமெரிக்கப் படையின் தரையிறக்கத்தை 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட பலகையில் அமைக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். படகு, இரும்புத் தடைகள், கடற்சுவர், ஜெர்மானியரின் கான்கிரீட் அரண் ஆகிய அனைத்தும் ஒரே காட்சியில் தெரிய வேண்டும் என்பது உங்கள் விருப்பம். கடல்நீரை எப்படிச் செய்வது என்பது உங்கள் கேள்வி. நீரைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். ஆனால் எந்த நேரத்து நீர் என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. அது முடிவாகாமல் பலகையில் கத்தி வைக்கக் கூடாது.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். 60 செ.மீ. என்பது 1:35 அளவில் 21 மீட்டர், 45 செ.மீ. என்பது 16 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எல்சிவிபி படகின் உண்மையான நீளம் ஏறத்தாழ 11 மீட்டர், அகலம் 3.3 மீட்டர். அதாவது உங்கள் படகு மட்டுமே 31.6 செ.மீ. நீளத்தையும் 9.4 செ.மீ. அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். தாக்குதலின் முதல் அலையாக வந்த வீரர்கள் காலை 6.30 மணிக்கு இறங்கியபோது நீர்விளிம்புக்கும் கரையோரக் கூழாங்கல் மேட்டுக்கும் இடையே சுமார் 300 கஜம், அதாவது 270 மீட்டருக்கு மேல், வெறும் மணல் கிடந்தது. 1:35 அளவில் அது கிட்டத்தட்ட 8 மீட்டர். ஒரு கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை மணலைப் பரப்பினாலும் போதாது. படகையும் கடற்சுவரையும் ஒரே பலகையில் வைத்தால் அந்த 270 மீட்டரை 10 மீட்டராகச் சுருக்கிவிடுகிறோம். இதைச் சிறிய சமரசம் என்று தள்ளிவிட என்னால் முடியாது. மறைவே இல்லாத அந்த வெற்றுமணலைக் கடப்பதற்குள்தான் அன்று பலர் விழுந்தார்கள். காட்சியிலிருந்து தொலைவு போய்விட்டால் எஞ்சுவது சுவரேறி விளையாடும் பொம்மைகள்தான்.

அந்தத் தொலைவு நாள் முழுவதும் ஒரே அளவில் இருக்கவில்லை என்பது நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. நார்மண்டிக் கரையில் ஓத வேறுபாடு, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் அளவு, மிகப் பெரியது; ஒமாஹாவில் அன்று வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 6 மீட்டர் உயர வேறுபாடு இருந்தது. நேச நாட்டுப் படைகள் ஓதம் உச்சத்தில் இருக்கும்போதுதான் வரும், அப்போதுதான் கடக்க வேண்டிய மணல் குறைவு என்பது ஜெர்மன் தளபதி ரோம்மலின் கணிப்பு. அதனால் 1944இன் தொடக்கத்திலிருந்து அவர் நிறுத்தச் செய்த தடைகள் உயர் ஓதத்தில் நீருக்கடியில் மறைந்து படகுகளைக் கிழிக்கும்படி அமைந்தன. தாக்குபவர்களோ தடைகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வெடிவைத்துப் பாதை திறக்க நேரம் வேண்டும் என்பதற்காக, வற்றம் முடிந்து நீர் ஏறத் தொடங்கியிருக்கும் வேளையைத் தேர்ந்தெடுத்தார்கள். நீர் காலை 5.30 மணியளவில் மிகத் தாழ்ந்து, 11 மணிக்குச் சற்று முன்னர் உச்சத்தை எட்டியது. ஆகவே அந்த ஐந்தரை மணி நேரத்தில் எந்த நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களோ, அதைப் பொறுத்துத் தடைகள் நனைந்திருக்கும் அளவும் மணலின் அகலமும் கரையில் கிடக்கும் பொருள்களும் மாறும்.

6.30 மணிக்கு எல்லாத் தடைகளும் மணலில் வெளிப்பட்டு நிற்கின்றன. கரை காலியாக இருக்கிறது. எரியும் டாங்கும் மிதக்கும் மூட்டையும் இன்னும் இல்லை. படகுகள் மணல்திட்டுகளில் தட்டி நின்றுவிட, ஆட்கள் நீர்விளிம்புக்குப் பல பத்துக் கஜம் முன்னதாகவே இறங்கி நடக்கிறார்கள். 7.30 மணிக்கு மேல் நீர் தடைகளின் வரிசைகளுக்குள் புகுந்துவிட்டது. முதல் அலையில் உயிர் தப்பியவர்கள் தடைகளின் பின்னால் கழுத்தளவு நீரில் ஒண்டிக்கொண்டு, நீர் ஏற ஏறக் கரையை நோக்கி நகர்கிறார்கள். 8.30 மணியளவில் கரையில் வாகனங்கள் நெரிசலாகிவிட்டதால், மேற்கொண்டு வாகனங்களை இறக்க வேண்டாம் என்று கடற்படையின் 7ஆவது கடற்கரைப் பட்டாலியன் தலைவர் நிறுத்திவைத்தார். 10.30 மணிவாக்கில் நீர் கூழாங்கல் மேட்டை நெருங்கிவிட, எஞ்சிய மணல் சில கஜங்கள்தான். அந்தக் குறுகிய பட்டையில் உயிருள்ளவர்களும் காயம்பட்டவர்களும் இறந்தவர்களும் உடைந்த பொருள்களும் ஒன்றாகக் குவிந்திருந்தார்கள்.

உங்கள் பலகைக்கு நேர்மையாகப் பொருந்தும் காட்சிகள் இரண்டு. ஒன்று, 7.40 மணியளவில் ஒமாஹாவின் ஈஸி ரெட் என்ற பகுதியில் ஒரு படகும் அதன் முன்னே நீரில் நடப்பவர்களும். இதில் கரையே வராது, அதிகம் போனால் ஒரு மூலையில் தடை ஒன்று நீரிலிருந்து தலை நீட்டும். மற்றொன்று, 10 மணிக்குப் பிந்திய கூழாங்கல் மேடு. இதில் நீர், மணல், கல், முள்வேலி ஆகிய அனைத்தும் 16 மீட்டருக்குள் உண்மையிலேயே அடங்கும், ஆனால் முழுப் படகுக்கு இடம் இருக்காது. நான் முதலாவதையே பரிந்துரைப்பேன். கரை இல்லாத கரையிறக்கக் காட்சியா என்று தயங்க வேண்டாம். கரை இன்னும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்ப்பவரும் அந்த ஆட்களோடு சேர்ந்து தேட வேண்டும். அந்தத் தேடல் எந்தக் கான்கிரீட் அரணும் தராத இறுக்கத்தைக் காட்சிக்குத் தரும். சுவரும் வாகனமும் ஒரே இடத்தில் இருந்தே ஆக வேண்டும் என்றால் 1943 நவம்பர் 20 அன்று பசிபிக் பெருங்கடலின் தராவாவில், பேட்டியோ தீவில் நடந்த தரையிறக்கத்துக்கு மாறிவிடலாம். அங்கே தென்னைமரக் கட்டைகளால் ஆன கடற்சுவர் நீர்விளிம்புக்கு மிக அருகிலேயே இருந்தது. ஆனால் பவளத்திட்டின் மேல் போதிய நீர் இல்லாததால் எல்சிவிபி படகுகள் திட்டைத் தாண்ட முடியவில்லை. சுவர்வரை வந்தவை எல்விடி என்னும் சங்கிலிச்சக்கர நீர்நில ஊர்திகள்தான். உங்களிடம் இருக்கும் படகு அங்கே உதவாது.

ஈஸி ரெட்டின் அந்த நேரத்துக்கு நல்ல சான்றும் இருக்கிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் புகைப்படக்காரர் ராபர்ட் சார்ஜென்ட் படகின் உள்ளிருந்து எடுத்த படத்தைப் பார்த்திராத ஆர்வலர் இருக்க மாட்டார். படகின் முன்கதவாகிய சாய்தளம் இறங்கியிருக்கிறது, ஆட்கள் ஏறத்தாழ இடுப்பளவு நீரில், துப்பாக்கிகள் நனையாதபடி தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடந்து போகிறார்கள், தொலைவில் குன்று புகைமூட்டத்தில் மங்கிக் கிடக்கிறது. வானுயரத் தெறிக்கும் நீர்த்தூணோ தீப்பிழம்போ அதில் கிடையாது. அந்தப் படகு சாமுவேல் சேஸ் என்ற கப்பலுடையது. அக்கப்பலின் அடையாள எண் 26 ஆகையால் அதன் படகுகளில் பிஏ 26 என்று தொடங்கும் எண்கள் எழுதப்பட்டிருந்தன. அதிலிருந்து இறங்கியவர்கள் 1ஆவது காலாட்படை டிவிஷனின் 16ஆவது ரெஜிமென்ட்டைச் சேர்ந்தவர்கள். படகின் எண்ணும் சிற்றுருக்களின் தோள்பட்டைச் சின்னமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். 29ஆவது டிவிஷனின் நீலமும் சாம்பலும் கலந்த வட்டச் சின்னத்தை அணிந்தவர்கள் சாமுவேல் சேஸ் படகிலிருந்து குதிப்பதாக அமைக்கப்பட்ட காட்சிகள் ஏராளம். அதைவிடப் பெரிய பிழை, டாக் கிரீன் பகுதியில் பேரழிவுக்கு உள்ளான 116ஆவது ரெஜிமென்ட்டின் ஏ கம்பெனியை எல்சிவிபி படகில் ஏற்றுவது. அவர்கள் எம்பயர் ஜாவலின் கப்பலிலிருந்து பிரிட்டிஷ் கடற்படையினர் ஓட்டிய எல்சிஏ படகுகளில் வந்தார்கள். அந்தப் படகின் உருவமும் கதவமைப்பும் முற்றிலும் வேறு.

எல்சிவிபி படகின் மிதப்பாழம், அதாவது நீருக்குள் அமிழும் ஆழம், முன்பக்கம் ஏறத்தாழ 66 செ.மீ., பின்பக்கம் 91 செ.மீ.; உங்கள் அளவில் முன்னே 1.9, பின்னே 2.6 செ.மீ. படகு மூக்கால் தரைதட்டி நிற்கிறது என்றால் அதன் முன்னால் நீரின் ஆழம் குறைந்தது தொடையளவு இருந்தாக வேண்டும். இறக்கப்பட்ட சாய்தளத்தின் நுனி நீருக்கடியில் மணலைத் தொட்டுக்கொண்டிருக்கும். நீர்ப்பரப்பின் மேல் பலகைபோல் கிடக்கும் சாய்தளம் காட்சியின் நம்பகத்தன்மையை முதல் பார்வையிலேயே கெடுத்துவிடும். பின்பகுதியை அலை தூக்குவதால் படகை இரண்டு மூன்று பாகை முன்னே சாய்த்தும் சற்றுப் பக்கவாட்டில் சரித்தும் பதிப்பது நல்லது. படகின் உடல் ஒட்டுப்பலகையால் ஆனது, சாய்தளம் எஃகு. ஆகவே துருவைச் சாய்தளத்திலும் கீல்களிலும் மட்டும் காட்டுங்கள், மரப்பகுதியில் வண்ணம் உரிந்து பலகை நிறம் தெரியட்டும். பலகையின் நீளவாக்கில் படகை நேராக நிறுத்தாமல் சற்றுக் கோணலாக வையுங்கள். ஆனால் அலைமுகடுகள் கரைக்கு இணையாக வரும் என்பதால், படகு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு கோணம் அலைக்கும் படகுக்கும் இடையே தெரிய வேண்டும்.

தடைகளில் பலரும் திசையைத் தவறவிடுகிறார்கள். கடலிலிருந்து வருபவருக்கு முதலில் எதிர்ப்படுவது பெல்ஜியன் கேட் என்ற எஃகுச் சட்டக வாயில்கள்; அவற்றின் தட்டையான முகம் கடலையும், தாங்குகால்கள் கரையையும் நோக்கும். அடுத்து வருபவை மரக்கம்பங்களும் சரிவு மரங்களும். கம்பங்கள் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கும், பலவற்றின் நுனியில் டெல்லர் கண்ணிவெடி கட்டப்பட்டிருக்கும். சரிவு மரத்தின் தாழ்ந்த முனை கடற்பக்கம், உயர்ந்த முனை கரைப்பக்கம். வேகமாக வரும் படகு அதன்மேல் ஏறிக் கவிழ வேண்டும் அல்லது நுனியிலுள்ள வெடியில் மோத வேண்டும் என்பதே அதன் நோக்கம். இதைத் தலைகீழாக நிறுத்தி, கடலை நோக்கி நீட்டிய ஈட்டியாகக் காட்டுவது பரவலாகக் காணப்படும் பிழை. கரைக்கு மிக அருகில் இருந்தவையே எல்லோரும் அறிந்த ஹெட்ஜ்ஹாக், மூன்று எஃகுக் கோணங்களைக் குறுக்காக இணைத்த தடை. ஆகவே 7.40 மணிக்குப் படகின் அருகே தலைகாட்ட வேண்டியது மரக்கம்பம். ஹெட்ஜ்ஹாக் ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் ஒன்று போதும். அவை கடலில் சில மாதங்களே நின்றவை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: எஃகில் செம்பழுப்புத் துருவும் அடியில் மெல்லிய பச்சைப் பாசியும் பொருந்தும், பல ஆண்டு கிடந்த கப்பலின் மேல் படிந்ததுபோன்ற தடித்த சிப்பிப் படலம் பொருந்தாது.

அரணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதை விடுவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். ஒமாஹாவின் முக்கியமான பீரங்கி அரண்கள் கடலை நேராகப் பார்க்கவில்லை. மேற்கு முனையில் வியர்வில் கணவாயின் வாயிலில் இருந்த 88 மி.மீ. பீரங்கி கிழக்கு நோக்கியும், கிழக்கே கோல்வில் பக்கம் இருந்த மற்றொன்று மேற்கு நோக்கியும், கடற்கரையின் நீளவாக்கில் சுடும்படி வைக்கப்பட்டிருந்தன. கடற்பக்கம் தடித்த கான்கிரீட் சுவர் மறைத்ததால் போர்க்கப்பல்களால் அவற்றின் வாயைக் காண முடியவில்லை. படகுக்கு நேர் எதிரே துளை வைத்த அரண் என்பது பெட்டியின் மேல் அட்டையில் வரையும் ஓவியர்களின் வசதிக்காகப் பிறந்தது. கடற்சுவரும் எல்லா இடத்திலும் இல்லை. மேற்குப் பாதியில்தான் மரத்தாலும் கல்லாலும் ஆன சுவர் இருந்தது, ஈஸி ரெட்டில் வெறும் கூழாங்கல் மேடுதான்.

இனிச் சிற்றுருக்கள். தொகுப்புகளில் வரும் காலாட்படையினர் பெரும்பாலும் வாயைத் திறந்து கத்திக்கொண்டு துப்பாக்கியை நீட்டி ஓடுபவர்கள். ஒமாஹாவில் இறங்கியவர் பலர் 25 முதல் 30 கிலோ வரை சுமந்திருந்தார்கள்; கப்பலிலிருந்து படகுக்கு மாறி மணிக்கணக்காக அலையில் ஆடி வாந்தி எடுத்திருந்தார்கள்; கம்பளித்துணி உடுப்பு நீரைக் குடித்துக் கனத்திருந்தது. தொடையளவு நீரில் அவர்களால் ஓட இயலாது. உடல் இடுப்பிலிருந்து முன்னே சாய்கிறது, தோள் ஒவ்வொரு அடிக்கும் பக்கவாட்டில் திரும்புகிறது, தலை கவிழ்ந்திருக்கிறது, ஒரு கை துப்பாக்கியையும் மற்றது முன்னால் போகிறவனின் பையையோ காற்றையோ பிடிக்கிறது. ஓடும் சிற்றுருவை இடுப்பில் அறுத்து, மெல்லிய செம்புக் கம்பியால் புதிய கோணத்தில் இணைத்து, இடைவெளியை எபாக்சி புட்டியால் நிரப்பி இந்த நிலைக்குக் கொண்டுவரலாம். உள்ளே நிரப்புவதற்கு எம்-சீல் போதும். அது விரைவில் இறுகிவிடும், துகளும் சற்றுப் பெரிது என்பதால் மேலே வரும் துணி மடிப்புகளுக்குச் சிற்பவேலைக்கென்று விற்கும் மென்மையான புட்டியைப் பயன்படுத்துங்கள். ஈரத்துணி தொடையிலும் முதுகிலும் ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணிக்குரிய ஆழமான மடிப்புகளை இடுப்புக்குக் கீழே மழித்துவிடுவது பலருக்குத் தோன்றாத ஆனால் பயன் மிகுந்த வேலை.

இருபது பேரையும் வைக்க வேண்டாம். ஒரு படகில் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட தாக்குதல் குழு வந்தது என்பது உண்மைதான். எனினும் உங்கள் காட்சி எடுத்துக்கொள்ளும் நொடியில் பாதிப் பேர் இறங்கிப் போயிருக்கலாம். படகுக்குள் மூவர், சாய்தளத்தில் இருவர், நீரில் ஆறேழு பேர் என்றால் போதும். குழுவில் யார் யார் இருந்தார்கள் என்பது காட்சிக்கு உயிர்கொடுக்கும்: துப்பாக்கி வீரர்கள் முன்னே, முள்வேலி அறுப்போர் அடுத்து, பின்னால் பஸூக்கா, 60 மி.மீ. மார்ட்டர், தீவீசி, வெடிவைப்போர். முள்வேலி அறுப்போர் சுமந்த நீண்ட வெடிக்குழாய் பெங்களூர் டார்பிடோ. 1912இல் பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையின் அதிகாரி மெக்ளின்டாக் வடிவமைத்த கருவி அது, ஆகவே நார்மண்டிக்கு நம் பக்கத்திலிருந்து போன பொருள் ஒன்றும் உங்கள் பலகையில் இருக்கும். அதன் ஒரு துண்டு 5 அடி நீளம், இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் குறுக்களவு, 1.5 மி.மீ. பிளாஸ்டிக் குச்சியை 4.4 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் சரியாக இருக்கும்.

இந்தத் தரையிறக்கத்துக்கே உரிய உடைமைகள் சில உண்டு. அவை இல்லாவிட்டால் காட்சி 1944இன் எந்தச் சண்டையாகவும் இருக்கலாம். இடுப்பில் காற்றடைத்த மிதவைப் பட்டை முதன்மையானது. சுமை முதுகில் மேலேயும் மிதவை இடுப்பிலும் இருந்ததால் சிலர் தலைகுப்புறக் கவிழ்ந்து மூழ்கினார்கள். மார்பில் கறுப்பு ரப்பர் பூசிய நச்சுவாயு முகமூடிப் பை, பலரிடம் முன்னும் பின்னும் பெரிய பைகள் வைத்துத் தைத்த கான்வாஸ் தாக்குதல் அங்கி, காலில் கான்வாஸ் உறை. துப்பாக்கிகள் ப்ளையோஃபில்ம் என்ற ஒளிபுகும் உறைக்குள் இருந்தன. ஊதுபத்திப் பொட்டலத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய கண்ணாடித்தாளை அதற்குப் பயன்படுத்தலாம், கசக்கிச் சுற்றியபின் இரு முனையிலும் நூலால் இறுக்கினால் போதும். பல பிரிவுகளில் தலைக்கவசத்தின் பின்புறம் அதிகாரிகளுக்கு நெட்டுக்கோடும் சார்ஜென்ட்களுக்குக் கிடைக்கோடும் வெள்ளையில் தீட்டியிருந்தார்கள். ரேஞ்சர்கள் என்ற சிறப்புப் படையினரின் ஆரஞ்சு வைரச்சின்னம் கவர்ச்சியானதுதான். 16ஆவது ரெஜிமென்ட்டின் படகில் அதற்கு வேலையில்லை.

வண்ணத்தில் ஈரத்துக்குத் தனிக் கவனம் தேவை. வெளிர் காக்கி மேல்சட்டை நனைந்தால் இரண்டு மூன்று படி கறுக்கும், நீர்மட்டத்துக்கு மேலும் ஒரு சாண் அளவு ஈரம் ஏறியிருக்கும், தெறித்த நீர் தோளிலும் தலைக்கவசத்திலும் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கும். முழுச் சிற்றுருவையும் உலர்ந்த நிறத்தில் முடித்துவிட்டு, கீழிருந்து மேலாக நீர்த்த கரும்பழுப்பை மூன்று நான்கு மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, ஈர எல்லையை ஒழுங்கற்ற கோடாக விட்டு, கடைசியில் ஈரப் பகுதிக்கு மட்டும் அரைப்பளபளப்பு வார்னிஷ் தர வேண்டும். முழுப் பளபளப்பு கம்பளித்துணியை ரப்பராக்கிவிடும். முகங்களில் சிவப்பைக் குறைத்து, கண்ணுக்குக் கீழும் உதட்டிலும் சாம்பல் கலந்த வெளிறலைக் காட்டுங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட நீர். ரெசினை ஊற்றி அடிமுதல் மேல்வரை நிரப்புவதாகப் பலரும் தொடங்குகிறார்கள். 60 × 45 செ.மீ. பரப்பில் 2 செ.மீ. ஆழத்துக்கு ஊற்ற 5.4 லிட்டர் எபாக்சி ரெசின் வேண்டும். செலவு ஒருபுறம் இருக்க, தடிமனாக ஊற்றிய ரெசின் இறுகும்போது எழும் வெப்பம் சிற்றுருக்களை வளைக்கும், பரப்பில் வெடிப்பும் உண்டாகலாம். அன்றைய கடலுக்கு அந்த ஆழத் தெளிவும் தேவையில்லை. மேகம் மூடிய வானம், வடமேற்குக் காற்று, மணலைக் கலக்கிக்கொண்டே வரும் அலை. நீரில் நிற்பவனுக்குத் தன் முழங்காலே தெரிந்திருக்காது. ஆகவே கடலைச் செதுக்கி வண்ணம் தீட்டி, மேலே மெல்லிய ஒளிபுகும் படலம் மட்டும் தருவதே செலவிலும் உண்மையிலும் சிறந்தது. சிற்றுருக்களை நீர்மட்டத்தில் அறுத்துப் பதித்துவிடலாம். காணாத கால்களுக்காக உழைக்க வேண்டியதில்லை.

அடித்தளத்துக்குச் சாதாரண தெர்மாகோல் வேண்டாம். அது மணிமணியாக உதிரும், கரைப்பான் கலந்த பசையும் ஸ்பிரே வண்ணமும் அதையும், அடுத்துச் சொல்லும் எக்ஸ்பிஎஸ் பலகையையும் அரித்துவிடும். எக்ஸ்பிஎஸ் எனப்படும் நெருக்கமான நுரைப்பலகை 3 அல்லது 4 செ.மீ. தடிமனில் எடுத்து, படகின் அடிப்பகுதிக்குக் குழி வெட்டுங்கள். பிறகு அலைகளைக் கத்தியாலும் உப்புத்தாளாலும் வடியுங்கள். கரையருகே ஒரு மீட்டர் உயர அலை என்றால் உங்கள் அளவில் 3 செ.மீ. வரை, படகுக்குப் பின்னால் உயரமும் முன்னால் குறைவும் இருக்கட்டும். அலையின் கடற்பக்கச் சரிவு நீண்டது, கரைப்பக்கச் சரிவு செங்குத்தானது என்ற ஒரு விதியைக் காப்பாற்றினாலே பாதி வேலை முடிந்தது. அதன்மேல் மெல்லிய டிஷ்யூ தாளை, நீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, சுருக்கம் விழும்படி ஒட்டுங்கள். அந்தச் சுருக்கங்களே காற்று கிளப்பும் சிற்றலைகளாகும். காய்ந்தபின் வண்ணம்: ஆழமான பகுதிக்குச் சாம்பல் கலந்த கரும்பச்சை, அலைமுகட்டுக்கு அருகே சற்று வெளிர் பச்சை, ஆள்கள் கலக்கும் இடத்திலும் சாய்தளத்தின் முன்பும் மணல் பழுப்பு. நீலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

இந்தப் பரப்பின்மேல் ஒளிபுகும் அக்ரிலிக் ஜெல்லை இரண்டு மூன்று படலங்களாகத் தூரிகையால் தடவினால் போதும். சிலருக்கு ரெசினின் கண்ணாடித்தன்மைதான் பிடிக்கும்; அவர்கள் பள்ளங்களில் மட்டும் 3 மி.மீ. அளவு ஊற்றலாம், 800 மி.லி. அளவில் முடிந்துவிடும். அதற்குமுன் தாள் பரப்பை அக்ரிலிக் வார்னிஷால் முழுவதும் மூடுங்கள், இல்லாவிட்டால் குமிழிகள் கிளம்பிக்கொண்டே இருக்கும். எபாக்சிக்கு ஈரக்காற்று ஆகாது. சென்னை போன்ற ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றினால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவும் பால்படர்ந்தும் போகக்கூடும், ஆகவே உலர்ந்த நாளில் மூடிய அறையில் செய்வதே பாதுகாப்பு. நுரைக்கு, கெட்டியான ஜெல்லில் சிறிது வெள்ளை கலந்து கடற்பஞ்சால் ஒற்றுங்கள். உடையும் முகட்டுக்குப் பாலியஸ்டர் இழைகளைப் பிய்த்து ஜெல்லில் தோய்த்து வைக்கலாம். பருத்திப் பஞ்சு நாளடைவில் மஞ்சளாகும். நுரை எங்கே தோன்றும் என்பதற்குக் காரணம் இருக்க வேண்டும்: உடையும் முகடு, படகின் இரு விலா, தடையின் அடி, நடப்பவனின் தொடைக்கு முன்னே சிறு வளைவு, அவனுக்குப் பின்னே கரையும் வால். எல்லா இடத்திலும் தூவினால் அன்றைய கடல் கெடும்.

ஒருவேளை இரண்டாவது காட்சியாகிய கூழாங்கல் மேட்டைத் தேர்ந்தெடுத்தால், மணலும் கல்லும்தான் உங்கள் சோதனை. உண்மையான கடற்கரை மணலைத் தூவுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் 0.2 மி.மீ. மணல்துகள் 1:35 அளவில் 7 மி.மீ. கல்லாகிவிடும், பார்ப்பவர் கண்ணுக்கு அது சரளை. டைல் இடுக்குகளை அடைக்கும் கிரவுட் பொடியை நன்றாகச் சலித்துத் தூவி நீர் தெளித்தால் இறுகிய நேர்த்தியான பரப்புக் கிடைக்கும். கூழாங்கற்களோ உள்ளங்கையில் அடங்கும் அளவுள்ளவை, உருண்டவை. ஆற்றுமணலைச் சலித்து 2 மி.மீ. அளவுள்ளவற்றைத் தனியே எடுங்கள், உடைத்த கற்பொடியின் கூர்முனைகள் பொருந்தாது. இன்றைய ஒமாஹாவின் புகைப்படங்களை இதற்கு நம்ப வேண்டாம்: அந்த மேட்டின் பெரும்பகுதியைப் போருக்குப் பின் அங்கே காண முடியாது, பொறியாளர்கள் பாதை அமைக்க அதை அகற்றிவிட்டார்கள். மேட்டின் கடற்பக்கம் ஆட்கள் தோளோடு தோள் நெருங்கிப் படுத்திருக்க, முள்வேலி மறுபுறம் இருக்கும். பின்னணியாக மணற்குன்றைச் செய்ய நினைக்காதீர்கள். 30 முதல் 50 மீட்டர் உயரமுள்ள அது 1:35 அளவில் ஒரு மீட்டரை எட்டும்.

ஒமாஹாவில் அன்று 2,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். அதை மறைத்துக் காட்சி அமைப்பது பொய், அதையே காட்சியாக்குவது வேறு வகைப் பொய். முகம் நீருக்குள் இருக்க, மிதவைப் பட்டையால் இடுப்பு மட்டும் மேலெழும்பிய ஓர் உடல் போதும். குருதியை நனைந்த துணியில் கரும்பழுப்பாக மட்டுமே காட்டுங்கள், நீரைச் சிவப்பாக்க வேண்டாம். பஞ்சில் செய்யும் புகைத்தூணையும், ரெசினில் செய்யும் குண்டு வெடித்த நீரூற்றையும் நான் எங்கும் விரும்புவதில்லை. உறைந்த வெடிப்பு கண்ணை முதலில் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும், பிறகு சிற்றுருக்களின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. குண்டுகள் விழுவதை, நீரில் ஒரே வரிசையில் எழும் நான்கைந்து சிறு தெறிப்புகளால் உணர்த்திவிட முடியும்; இழுத்து நீட்டிய பிளாஸ்டிக் இழைமேல் ஜெல் துளி வைத்தால் அது கைகூடும்.

வேலை முடிந்ததும் மேசை உயரத்தில் வைக்காதீர்கள். படகின் சாய்தளம் பார்ப்பவரின் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி, நெஞ்சளவு உயரமுள்ள தாங்கியில், படகின் பின்புறம் பார்ப்பவரை நோக்கியிருக்க வையுங்கள்; மேலிருந்து பார்த்தால் மறைவதெல்லாம் அந்த உயரத்தில் தெரியும். அக்ரிலிக் மூடியும் கட்டாயம் வேண்டும். ஜெல் பரப்பில் ஒட்டிய தூசியைத் துடைக்கவோ கழுவவோ வழி இல்லை, நுரையோடு சேர்ந்து அது ஒரே ஆண்டில் சாம்பலாகிவிடும்.